கற்பிப்பவரின் தகுதி

காது கேளாத குழந்தைக்கு மொழி கற்பிக்க யார் தகுதியுடையவர் என்ற கேள்விக்கு இன்றைய இந்தியச் சட்டம் நேரான விடை வைத்திருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறியவரே அந்தப் பணிக்கு உரியவர். பதிவு இல்லாமல் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதன் 13-ஆம் பிரிவு இடம் தருகிறது.

அந்தப் பதிவேட்டுக்குப் போகும் பாதைகள் இரண்டு. ஒன்று மருத்துவமனையை ஒட்டியது. கேட்பியல், பேச்சு, மொழி மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டத்துக்கு ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியோடு 4 ஆண்டுகள். அதற்கு மேல் கேட்பியலிலோ பேச்சு–மொழி நோயியலிலோ 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு. மற்றது வகுப்பறையை நோக்கியது. செவித்திறன் குறைவுக்கான சிறப்புக் கல்வியில் பட்டயம், பி.எட்., எம்.எட். எனப் படிகள் உண்டு. மும்பை நாயர் மருத்துவமனையும், 1965-இல் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும் இத்துறையின் முன்னோடிகள். மும்பை பாந்த்ராவில் 1983-இல் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் வந்தது. புனேயில் பாரதி வித்யாபீடமும், சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவும் இப்படிப்புகளை நடத்துகின்றன.

பட்டமும் பதிவு எண்ணும் நிர்வாக ஏற்பாடுகள். ஆனால் அவற்றின் அடியில் மிகப் பழைய தத்துவக் கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒருவருக்கு மொழியைக் கொடுக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? அந்த உரிமைக்குத் தகுதியை நிரூபிக்க வேண்டியவர் கற்பவரா, கற்பிப்பவரா?

அதிகாரம் என்னும் பழைய கேள்வி

ஒரு செயலைச் செய்யவோ ஒரு நூலைக் கற்கவோ உரியவர் யார் என்பதை இந்தியச் சிந்தனை அதிகாரம் என்ற தலைப்பில் ஆராய்ந்தது. ஜைமினியின் மீமாம்சா சூத்திரத்தில் ஆறாம் அத்தியாயத்தின் பொருள் இதுவே. வேள்வி செய்ய விரும்புகிறவரிடம் அதற்கான ஆற்றலும் பொருளும் கல்வியும் உண்டா என்று அது கேட்கிறது. உடற்குறை உள்ளவரின் உரிமையும் அங்கே விவாதத்துக்கு வருகிறது. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பிறவியிலேயே காது கேளாதவரையும் வாய் பேசாதவரையும் பரம்பரைச் சொத்தில் பங்கு பெறாதவர் வரிசையில் வைத்தது. அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுப்பது பங்கு பெற்றவரின் கடமை என்றும் சேர்த்துச் சொன்னது. பிழைத்திருக்க உரிமை உண்டு, குடும்பத்தின் தொடர்ச்சியில் இடம் இல்லை என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். 1928-இல் வந்த சட்டம் ஒன்று இந்த விலக்கைப் பெரும்பாலும் நீக்கியது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, நோயோ உடற்குறையோ வாரிசுரிமையைப் பறிக்காது என்று உறுதி செய்தது.

கிறித்துவ உலகிலும் இதற்கு இணையான இடர் இருந்தது. நம்பிக்கை செவி வழியே பிறக்கிறது என்ற பவுலின் கருத்தைக் கொண்டு, காது கேளாதவருக்கு வேதபோதனை எட்டாது என்று பிற்காலத்தார் பலர் வாதிட்டனர். அந்த வாதத்துக்குத் துணையாகத் திருச்சபைச் சிந்தனையாளர் அகுஸ்தீன் பெயரும் இழுக்கப்பட்டது. ஆனால் அதே அகுஸ்தீன், ஆசிரியரைப் பற்றி எழுதிய உரையாடல் நூலில், காது கேளாதவர்கள் சைகையால் கேள்வி கேட்டு விடை சொல்லிக் கருத்தைப் பரிமாறிக்கொள்வதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்.

புனே மாவட்டத்தின் பக்தி மரபு இதே கேள்வியை வேறு கோணத்தில் எழுப்பியது. பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகரத்துக்கு வெளியே இந்திராயணிக் கரையில் அந்த மரபின் கவிஞர் துக்காராமின் ஊரான தேஹுவும், 1296-இல் அதே மரபின் ஞானேஸ்வரர் சமாதி கொண்ட ஆளந்தியும் இருக்கின்றன. துறவு பூண்டு மீண்டும் இல்லறத்துக்குத் திரும்பியவரின் பிள்ளைகள் என்று ஞானேஸ்வரரும் உடன்பிறந்தவர்களும் விலக்கப்பட்டார்கள். பைட்டணில் இருந்த பண்டிதர்களிடம் சுத்திபத்திரம் வாங்கி வந்தால்தான் சேர்ப்போம் என்று ஊர் சொன்னது. அங்கே தகுதி பற்றிய வாதம் முற்றியபோது, ஞானேஸ்வரர் ஓர் எருமையை வேதம் ஓத வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கற்கத் தகுதியற்றவர் என்று யாரையும் முன்கூட்டியே முடிவு கட்டும் அதிகாரம் எந்தச் சபைக்கும் இல்லை என்பதே வார்க்கரி என்னும் அந்தப் பக்தி மரபு இந்தக் கதைக்குள் பாதுகாத்து வைத்திருக்கும் வாதம்.

நன்னூல் வைக்கும் அளவுகோல்

தமிழில் ஆசிரியரின் தகுதியை முறையாக வரையறுத்த நூல்களுள் பவணந்தி முனிவரின் நன்னூல் தலையாயது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த இலக்கணத்தின் பொதுப்பாயிரம், மாணவனின் இயல்பைப் பேசுவதற்கு முன்பாகவே ஆசிரியரின் இயல்பைப் பேசுகிறது. ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்பதற்கும் தனி இலக்கணம் தருகிறது. தகுதிச் சோதனை முதலில் கற்பிப்பவருக்குத்தான் என்ற வரிசை இதில் தெளிவாகத் தெரிகிறது. பாடம் சொல்லும் முறையைக் கூறும் இடத்தில், கற்பவன் எவ்வகையில் ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து அவ்வகையிலேயே மனத்தில் பதியச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியருக்குக் கடமை விதிக்கிறது.

அதே பாயிரம் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது, மாணவன் செவியால் பருகி நெஞ்சில் நிறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஏட்டைவிட வாய்மொழியையே நம்பிய கல்விச் சூழலில் இப்படிச் சொன்னது இயல்பு. ஆனால் இரண்டு விதிகளையும் சேர்த்துப் படிக்கும்போது எது முதன்மையானது என்ற கேள்வி எழுகிறது. கற்பவன் கொள்ளும் வகை கண்ணாக இருந்தால், ஆசிரியர் கண்ணுக்குச் சொல்லியாக வேண்டும். செவி என்பது பெரும்பாலோருக்கு வாய்த்த வழி. கொள்வகை அறிதல் எல்லா ஆசிரியருக்கும் எப்போதும் உள்ள கடமை. திருக்குறளும் கேள்வி என்ற அதிகாரத்தில் செவிச் செல்வத்தைப் போற்றுகிற அதே வேளையில், நல்லது கேட்டுப் பழகாத செவியையே செவிடு என்று மதிக்கிறது. குறிப்பறிதல் என்ற தலைப்பில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வைத்து, பேச்சில்லாமல் முகத்தாலும் கண்ணாலும் பொருள் அறியும் திறனுக்கு இருபது குறள்களை ஒதுக்குகிறது.

மொழி எங்கே இருக்கிறது?

ஆசிரியரின் தகுதியைத் தீர்மானிக்க வேண்டுமானால், அவர் கொடுப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும். மொழி ஒலியா, ஒலியில் வெளிப்படும் வேறொன்றா? புனேயின் அறிவு வரலாறு இந்தக் கேள்வியோடு நெருங்கிய தொடர்புடையது. டெக்கான் கல்லூரியில் 1866 முதல் 1881 வரை பேராசிரியராக இருந்த ஃபிரான்ஸ் கீல்ஹார்ன், பதஞ்சலியின் மகாபாஷ்யத்தை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அவை 1880 முதல் 1885 வரை வெளிவந்தன. பாணினியின் சூத்திரங்களுக்கு எழுந்த அந்தப் பேருரையில், சொல்லைப் பயன்படுத்தாமலே கண்ணசைவாலும் கையசைவாலும் எத்தனையோ பொருள்கள் உணர்த்தப்படுகின்றன என்று பதஞ்சலி ஓரிடத்தில் குறிப்பிடுகிறார். வாக்கியபதீயம் எழுதிய பர்த்ருஹரி இன்னும் ஆழமாகச் சென்றார். சொல் ஊடுருவாத அறிவே உலகில் இல்லை என்பது அவர் கொள்கை. காதில் விழும் ஒலி மொழியின் கடைசி வெளிப்பாடு மட்டுமே. அதற்குப் பின்னால் மனத்தில் நிற்கும் நிலையும், அதற்கும் பின்னால் பகுக்கப்படாத முழுமையாக இருக்கும் நிலையும் உண்டு. இந்த நூலின் முதல் காண்டத்தை கே.ஏ. சுப்பிரமணிய ஐயர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அதையும் டெக்கான் கல்லூரியே 1965-இல் வெளியிட்டது.

பர்த்ருஹரியின் கொள்கையைக் காது கேளாத குழந்தையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒலி இல்லாததால் மொழித்திறன் இல்லாமல் போவதில்லை என்பது ஒன்று. அறிவும் சொல்லும் பிரிக்க முடியாதவை என்றால், ஒரு குழந்தையை எந்த மொழியும் கிடைக்காமல் விட்டுவைப்பது அதன் அறிவையே பட்டினி போடுவது என்பது மற்றொன்று. பின்னாளைய மொழியியல் முதல் முடிவை உறுதி செய்தது. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழிக்குச் சொல்லமைப்பும் விதிகளும் உண்டு என்று காட்டினார். நிகராகுவாவில் 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் பள்ளியில் ஒன்றுகூடிய காது கேளாத பிள்ளைகள், யாரும் கற்பிக்காமலே தங்களுக்குள் ஒரு புதிய சைகை மொழியை உருவாக்கினர். இந்தியச் சைகை மொழியை மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் வுட்வார்ட் போன்றோர் 1970-களில் ஆராயத் தொடங்கினர்.

இந்தியச் சட்டமும் தன்னை அறியாமல் இந்த உண்மையை முன்பே ஏற்றிருந்தது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 119-ஆம் பிரிவில், பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ நீதிமன்றத்தில் சொல்வதை வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ள வேண்டும் என்று விதித்தது. வாய் திறக்காமல் சொன்னதும் சொல்லே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பள்ளிகள் அதை ஏற்க நூறாண்டுக்கும் மேல் ஆனது.

மிலான் மாநாடும் தகுதி இழந்த ஆசிரியர்களும்

மகாபாஷ்யப் பதிப்பின் முதல் தொகுதி வந்த அதே 1880-ஆம் ஆண்டு செப்டம்பரில், இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வியாளர்களின் உலக மாநாடு கூடியது. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒருவர் மட்டுமே. சைகையைவிடப் பேச்சே உயர்ந்தது, வாய்மொழி முறையில்தான் கற்பிக்க வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானித்தது. பாரிஸில் அபே தெ லெப்பே 18-ஆம் நூற்றாண்டில் சைகை வழியே நடத்திக் காட்டிய கல்வியும், அந்த மரபில் வந்து 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்க உதவிய லொரான் கிளேர் என்னும் காது கேளாத ஆசிரியரின் உழைப்பும் ஒதுக்கப்பட்டன.

தகுதி பற்றிய தத்துவத்தில் இந்த நிகழ்ச்சி முக்கியமான திருப்பம். கற்பிப்பதன் இலக்கு பேச்சொலி என்று ஆனதும், கேட்டுத் திருத்தக்கூடியவரே ஆசிரியராக முடியும் என்ற நிலை தானாக வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய காது கேளாத ஆசிரியர்கள் பலர் பணியிழந்தனர். அந்த மக்களின் மொழியை மிக நன்றாக அறிந்தவர்களே அவர்களுக்குக் கற்பிக்கத் தகுதியற்றவர் ஆனார்கள். 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை, மிலான் தீர்மானங்களை மறுத்து, அவற்றால் நேர்ந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது.

இந்தியாவில் காது கேளாதோர் கல்வி வேர்விட்டது மிலானுக்கு அடுத்த ஆண்டுகளில்தான். 1880-களின் நடுவில் பம்பாயில் கத்தோலிக்க ஆயர் லியோ மியூரின் முயற்சியால் ஒரு பள்ளி தொடங்கியது. 1893-இல் கல்கத்தாவிலும், அதே பத்தாண்டில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையாராலும் பள்ளிகள் எழுந்தன. கல்கத்தாப் பள்ளியின் ஜாமினிநாத் பானர்ஜி ஆசிரியப் பயிற்சிக்காக வெளிநாடு சென்று வந்தார். அந்தக் காலத்துப் பயிற்சி முறைகளோடு வாய்மொழி முறைக்கே முதலிடம் என்ற நம்பிக்கையும் இங்கே வந்து சேர்ந்தது.

வாய்மொழி முறையின் பயனையும் மறுக்கக் கூடாது. சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, மிகச் சிறு வயதிலேயே காது கேட்கும் கருவியைப் பொருத்தி, தாயையும் வகுப்பில் அமர்த்தி, பேச்சு வழியே கற்பித்துப் பல பிள்ளைகளைப் பொதுப்பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. உள்செவியில் வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி வந்த பிறகு பேச்சு வழிக்கு வாய்ப்பு இன்னும் கூடியிருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சையைத் தருகிறது. ஆகவே குறை வாய்மொழி முறையில் இல்லை. ஒரே முறைக்கு உரியவரே ஆசிரியர், மற்றவர் அல்லர் என்று தகுதியைக் குறுக்கியதில்தான் குறை.

அருளும் பயிற்சியும்

தமிழ்ச் சமயத்தில் பேசாக் குழந்தை பேசிய கதை புகழ்பெற்றது. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் திருச்செந்தூர் சன்னிதியில் விரதம் கிடந்தபோது முருகன் அருளால் பேச்சு வந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறாகப் போற்றப்படுகிறது. கல்லால மரத்தடியில் சின்முத்திரை காட்டி மௌனத்தால் ஞானம் உணர்த்தும் தட்சிணாமூர்த்தியும் தமிழகச் சிவன் கோயில்களின் தென்சுவரில் பொதுவாக இருக்கிறார்.

இந்த இரண்டு உருவங்களையும் காது கேளாத குழந்தையோடு பொருத்தும்போது கவனம் வேண்டும். தட்சிணாமூர்த்தியின் மௌனம், எல்லாச் சொல்லையும் கடந்த முனிவர்களுக்கு உரியது. சனகர் முதலிய அந்த முனிவர்கள் வேதம் அனைத்தும் கற்ற பிறகே அங்கே வந்து அமர்ந்தார்கள். மொழியே கிடைக்காத குழந்தையின் மௌனம் அப்படிப்பட்டது அன்று. அது பறிக்கப்பட்ட நிலை. அதைத் தெய்வீகமாக்கிப் பேசுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதி. குமரகுருபரரின் கதையும் பெற்றோரின் தவிப்பையும் நம்பிக்கையையும் பேசுகிறது. அந்த நம்பிக்கை மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் காரணமானால், குழந்தை இழப்பது திரும்பக் கிடைக்காத காலம்.

மொழிக்கு மூளை மிகவும் திறந்திருப்பது முதல் சில ஆண்டுகளில்தான். அதனால்தான் பிறந்து ஒரு மாதத்துக்குள் கேட்கும் திறனைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்க வேண்டும் என்ற நெறியை இத்துறையினர் பின்பற்றுகின்றனர். இவ்வளவு குறுகிய காலத்துக்குள் நல்லெண்ணத்தோடு மட்டும் வருகிறவர் தவறான கருவியைப் பொருத்தினாலோ, முன்னேற்றம் இல்லை என்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலோ, அந்தத் தவறை வளர்ந்த பின் திருத்த வழி குறைவு. சான்றிதழுக்கு அறநெறி அடிப்படை இருப்பது இந்த இடத்தில்தான். இரக்கத்துக்கு அறிவும் பொறுப்பும் துணை நிற்கும் என்று சமூகம் குழந்தைக்குக் கொடுக்கும் உறுதிமொழி அது.

எந்த மொழியைக் கொடுப்பது?

பட்டம் பெற்ற நிபுணரின் முன்னால் எழும் கடினமான கேள்வி, குழந்தைக்கு எந்த மொழி என்பது. புனே அருகே, பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகரத்தின் மேற்கு ஓரத்தில் ஹிஞ்சவடி மென்பொருள் வளாகத்தை ஒட்டியுள்ள வாகட் போன்ற புறநகரில் இது கூர்மையாகிறது. ஹிஞ்சவடிக்கு வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பத்தில் வீட்டுப் பேச்சு தமிழ், தெருவிலும் கடையிலும் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலம். கேட்கும் குழந்தை இந்த நான்கையும் காற்றோடு உள்வாங்கிக்கொள்ளும். காது கேளாத குழந்தைக்கு ஒவ்வொரு மொழியையும் ஒருவர் முனைந்து கொடுத்தாக வேண்டும். சிகிச்சை வசதிக்காக ஒரே மொழி போதும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சொல்லிவிட்டால், அம்மாவும் ஆச்சியும் தாத்தாவும் பேசும் பேச்சிலிருந்து குழந்தை விலகிப்போகிறது. சைகை கற்றால் பேச்சு வராது என்று சொல்லிவிட்டால், அதே நிலையில் வாழும் பெரியவர்களின் சமூகத்திலிருந்தும் விலகிப்போகிறது.

நிபுணரின் தகுதி தனக்கு எளிதான மொழியைத் தேர்வதில் வெளிப்படுவதில்லை. குழந்தைக்கு முழுமையாக எட்டும் மொழி ஒன்றாவது தாமதமில்லாமல் கிடைக்கச் செய்வதும், அந்த மொழி குடும்பத்தோடு பேசப் பயன்படும்படி பெற்றோரையும் பயிற்றுவிப்பதும் அவர் கடமை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, காது கேளாதவருக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் கல்வி தர வேண்டும் என்று ஆணையிடுகிறது. நன்னூல் ஆசிரியருக்கு விதித்த கடமை இங்கே அரசின் கடமையாக விரிந்திருக்கிறது.

அனுபவ அறிவும் பட்டமும்

அறிவு வரும் வழிகளுள் நூலறிவும் ஆசிரியர் உபதேசமும் இருப்பதுபோல் அனுபவமும் உண்டு என்பதை இந்தியத் தத்துவ மரபுகள் ஏற்கின்றன. காது கேளாமையோடு வளர்ந்து, சைகையில் சிந்தித்து, கேட்கும் உலகத்தில் வாழக் கற்றவரிடம் உள்ள அறிவை எந்த முதுநிலைப் படிப்பும் முழுதாகத் தந்துவிட முடியாது. கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராம் வரைவதும், உள்வைத்த கருவியைச் சீரமைப்பதும், திக்குவாயையும் பக்கவாதத்தால் வந்த பேச்சிழப்பையும் கையாளுவதும் பட்டத்தால் வரும் திறன்கள். பார்வையால் ஒரு வகுப்பை நடத்துவது, சைகையில் கதை சொல்வது, தன்னைப்போன்ற பெரியவர் ஒருவர் உண்டு என்று குழந்தைக்குக் காட்டுவது ஆகியவை வாழ்ந்து பெற்ற திறன்கள். இரண்டும் சேராத பள்ளியில் குழந்தைக்குக் கிடைப்பது பாதிக் கல்வி.

இதைச் சட்டமும் இப்போது கருதுகிறது. அதே 2016 சட்டத்தின் 17-ஆம் பிரிவு, சைகை மொழியில் தகுதி பெற்ற மாற்றுத்திறனாளி ஆசிரியர்களையும் பயிற்றுவித்துப் பணியமர்த்தச் சொல்கிறது. 2015-இல் புது தில்லியில் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், காது கேளாதவர்களே சைகை மொழி ஆசிரியராவதற்கென்று ஒரு பட்டயப் படிப்பை நடத்துகிறது. அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. மிலானில் பறிக்கப்பட்ட ஆசிரியத் தகுதி, பட்டயம் என்ற வடிவிலேயே திரும்பத் தரப்படுகிறது. ஆயினும் பட்டயத்தோடு நின்றுவிடாமல், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளிலும் முதுநிலைத் துறைகளிலும் அவர்கள் கற்பிக்கும் இடத்துக்கு வரும்வரை இந்தத் திருத்தம் முழுமையடையாது.

தகுதியின் எல்லை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, மொழிக்கு உரியவரா என்ற சோதனை எந்தக் குழந்தைக்கும் வைக்கத் தக்கது அன்று. மனிதராகப் பிறந்ததே அதற்குப் போதுமான அதிகாரம். பழைய நூல்கள் கற்பவரிடம் கேட்ட கேள்வியை இனிக் கற்பிப்பவரிடம் கேட்பதே அறம்.

இரண்டாவது, பட்டமும் பதிவும் தேவையானவை. அவை மட்டும் போதுமானவை அல்ல. ஒருவர் இன்ன பாடங்களைப் படித்தார், இத்தனை மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி செய்தார், தவறு செய்தால் பதில் சொல்லக் கட்டுப்பட்டவர் என்று பதிவு எண் உறுதி சொல்லும். அவர் குழந்தையின் கொள்வகை அறிந்தவரா என்பதை அந்தக் குழந்தையின் வளர்ச்சி மட்டுமே சொல்லும். ஆகவே தகுதி ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் உடைமை ஆகாது. ஒவ்வொரு குழந்தையிடமும் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டிய கடமை.

மூன்றாவது, தகுதியை வரையறுக்கும் சபையில் யாருக்காக அது வரையறுக்கப்படுகிறதோ அவர்களும் இருக்க வேண்டும். மிலான் மாநாட்டின் பிழைக்கு அறிவுக் குறை மட்டும் காரணமில்லை. 164 பேரில் ஒருவர் என்ற விகிதமும் காரணம். பாடத்திட்டக் குழுவிலும் தேர்வுக் குழுவிலும் பதிவுக் கவுன்சிலிலும் காது கேளாத கல்வியாளர்கள் உரிய எண்ணிக்கையில் இடம்பெறும்போதே, கற்பிப்பவரின் தகுதி பற்றிய தீர்ப்பு நியாயமான தீர்ப்பாகும்.